‘பொருந்தாது’ என்ற பதில்: தோல் நோயாளரின் வாழ்வை எதனால் அளக்கிறோம்?

2025 மே மாதம் ஜெனீவாவில் கூடிய உலக சுகாதாரப் பேரவை, தோல் நோய்களை உலகப் பொதுச் சுகாதாரத்தின் முன்னுரிமைகளுள் ஒன்றாக ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. போர்ச் செய்திகளுக்கும் தேர்தல் செய்திகளுக்கும் நடுவில் இச்செய்தி நம்மில் பலருக்கு எட்டியிருக்காது. எட்டியிருந்தாலும், தேமலுக்கும் சேற்றுப்புண்ணுக்கும் உலகப் பேரவை தீர்மானம் போட வேண்டுமா என்று புன்னகைத்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டியிருப்போம். தோல் நோயால் யாரும் எளிதில் சாவதில்லை. சாகாத நோய்க்கு நம் மனத்திலும் இடம் குறைவு, அரசின் வரவு செலவுத் திட்டத்திலும் இடம் குறைவு.

உலக சுகாதார நிறுவனம் ‘புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள்’ என்று 21 நோய்களையும் நோய்த் தொகுதிகளையும் பட்டியலிட்டிருக்கிறது. அவற்றுள் குறைந்தது பத்து நோய்கள் தோலில்தான் முதலில் தலைகாட்டுகின்றன. தொழுநோய் அதில் உண்டு. யானைக்கால் உண்டு. மாணவர் விடுதிகளில் ஓயாது சுற்றிவரும் சொறி சிரங்கு 2017 முதல் அதில் உண்டு. 2016-இல் சேர்க்கப்பட்ட இன்னொரு நோய்க்கு நம் பக்கத்து ஊரின் பெயரே இருக்கிறது. அது ‘மதுரா கால்’.

விளாத்திகுளத்திலிருந்து மதுரை ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். 1842-இல் மதுரையில் இருந்த அரசு மருந்தகத்தில் ஜான் கில் என்ற ஆங்கில மருத்துவர், கால் வீங்கி, பல துளைகள் விழுந்து, உருக்குலைந்து வந்த நோயாளிகளைப் பார்த்துக் குறிப்பு எழுதினார். இருபது ஆண்டுகளுக்குள் பம்பாயில் இருந்த வான்டைக் கார்ட்டர் இந்நோய்க்கு ‘மைசெட்டோமா’ என்று பெயர் சூட்டினார். அதை உண்டாக்கும் ஒரு பூஞ்சைக்கு மதுரெல்லா என்றும், ஒரு பாக்டீரியாவுக்கு ஆக்டினோமதுரா என்றும் பெயர். உலகின் எந்த மருத்துவக் கல்லூரிப் பாடநூலைத் திறந்தாலும் மதுரை அதில் இருக்கிறது. அந்த நோயைச் சுமந்த மதுரைச் சீமையின் மனிதர்கள் இன்று எத்தனை பேர், அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்றால் அதற்குப் பதில் சொல்ல ஒரு பதிவேடு கிடையாது. தொழுநோய்க்கும் யானைக்காலுக்கும் தேசியத் திட்டம் இருப்பதுபோல் இதற்கு இந்தியாவில் ஒரு திட்டமும் இல்லை.

இந்நோய் வரும் வழியைக் கேட்டால் கரிசல்காட்டுக்காரர்களுக்கு வியப்பாக இராது. மண்ணில் வாழும் கிருமி முள்ளோடு சேர்ந்து காலுக்குள் போகிறது. வெறுங்காலோடு மானாவாரிக் காட்டில் பருத்தியும் மல்லியும் மிளகாயும் பார்ப்பவருக்கும், கரிமூட்டத்துக்குச் சீமைக்கருவேல் வெட்டுபவருக்கும், ஆடு மேய்ப்பவருக்கும் முள் தைப்பது ஒரு செய்தியே அல்ல. ஊக்கால் கிளறி எடுத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். மாதங்கள் கழித்து அந்த இடத்தில் ஒரு கட்டி வரும். வலிக்காது. வலிக்காததால் மருத்துவமனைக்குப் போக மாட்டார்கள், போனால் ஒருநாள் கூலி போய்விடும். பின்னர் கட்டியில் துளை விழுந்து, அதன் வழியே கடுகு போன்ற மணிகள் வெளியேறும். அவை கறுப்பாகவோ வெள்ளையாகவோ சிவப்பாகவோ இருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல எலும்பு வரை அரித்துக்கொண்டு போகும். சிலருக்குக் காலையே எடுக்க நேரிடுகிறது.

வெறுங்கால் என்று சொல்லிவிட்டுக் கடந்துபோவதும் சரியாகாது. தென்மாவட்டக் கிராமங்கள் பலவற்றில் தலித் மக்கள் செருப்பணிந்து தெருவில் நடக்கக் கூடாது என்ற கொடுமை நெடுங்காலம் இருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தவர்கள் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். இந்த நோய் யார் காலைத் தேடிப் போனது என்பதைக் கிருமி மட்டும் தீர்மானிக்கவில்லை.

சரி, சாகாத ஒரு நோயின் பாரத்தை உலகம் எப்படிக் கணக்கிடுகிறது? 1993-இல் உலக வங்கியின் அறிக்கை வழியாகப் பரவலாக அறியப்பட்ட முறை ஒன்று உண்டு. அகால மரணத்தால் இழந்த ஆண்டுகளோடு, ஊனத்தோடு வாழும் ஆண்டுகளின் ஒரு பகுதியையும் இழப்பாகக் கூட்டுவது அது. ஒவ்வொரு குறைபாட்டுக்கும் பூஜ்யத்திற்கும் ஒன்றிற்கும் இடையே ஒரு எடை கொடுக்கிறார்கள். பூஜ்யம் என்றால் முழு நலம், ஒன்று என்றால் மரணத்துக்குச் சமம். விரல் மடங்கிப்போன, பார்த்தாலே தெரியும்படியான தொழுநோய் ஊனத்துக்கு இக்கணக்கில் கிடைத்த எடை 0.067. அதாவது அப்படிப்பட்ட கைகளோடு ஒருவர் ஓராண்டு வாழ்ந்தால், அந்த ஆண்டில் சுமார் 24 நாள்கள் மட்டுமே வீணாயிற்று என்று பொருள். மீதி 341 நாள்கள் நலமாக வாழ்ந்ததாகக் கணக்கு.

இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் கணக்கிட்டவர்கள் இரக்கமற்றவர்கள் என்று சொல்லிவிட முடியாது. பல நாடுகளில் பொதுமக்களிடம் இரண்டு உடல்நிலைகளைச் சுருக்கமாக விவரித்து, இவர்களில் யார் அதிக நலமுள்ளவர் என்று கேட்டுத்தான் இந்த எடைகளைப் பெற்றார்கள். அந்தக் குறுவிவரிப்பில் மடங்கிய விரல் இருக்கும். மகளுக்கு வரன் அமையாமல் போனது இருக்காது. டீக்கடையில் தனி டம்ளர் இருக்காது. ரேஷன் கடையில் தேய்ந்த விரலைக் கைரேகை இயந்திரம் ஏற்காமல் மூன்று முறை திருப்பி அனுப்பியது இருக்காது. மதுரா காலோ இந்த உலகக் கணக்கில் தனியே இடம்பெறவே இல்லை.

இந்தக் குறையை நிரப்பத்தான், நோயாளியிடமே கேட்டு வாழ்க்கைத் தரத்தை அளக்கும் வினாத்தாள்கள் வந்தன. உலக சுகாதார நிறுவனம் 1990-களில் இதற்காக உலகெங்கும் 15 மையங்களில் ஒரு வினாத்தொகுப்பை உருவாக்கியபோது அவற்றுள் சென்னையும் ஒன்று. நம் மக்களின் வாயிலிருந்தும் வந்த கேள்விகள் அதில் உண்டு என்பது பெருமைப்படத்தக்கது. வேலூரை அடுத்த கரிகிரி தொழுநோய் ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்களும் தொழுநோயாளரின் வாழ்க்கைத் தரத்தை அளந்து 1999-இல் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள்.

தோல் நோய்களுக்கென்றே உலகில் மிக அதிகமாகப் பயன்படுவது, 1994-இல் பிரிட்டனின் கார்டிஃப் நகரில் ஆண்ட்ரூ ஃபின்லேயும் குல் கானும் உருவாக்கிய பத்துக் கேள்விகள். தோல் நோயாளர் 120 பேரிடம் ‘உங்கள் வாழ்வில் இந்நோய் எதையெல்லாம் பாதிக்கிறது’ என்று கேட்டு, அவர்களுடைய பதில்களிலிருந்து எழுதப்பட்டவை அவை. கடந்த ஒரு வாரத்தை நினைத்துப் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ‘மிக அதிகம்’ என்றால் மூன்று, ‘அதிகம்’ என்றால் இரண்டு, ‘கொஞ்சம்’ என்றால் ஒன்று, ‘இல்லவே இல்லை’ என்றால் பூஜ்யம். மொத்தம் முப்பது. மருத்துவர்கள் புண்ணை மட்டும் பார்த்துவிட்டு மனிதரைப் பார்க்காமல் போன காலத்தில் இது பெரிய முன்னேற்றம். பிரிட்டனில் சொரியாசிஸ் நோய்க்கு விலையுயர்ந்த மருந்து கொடுக்கலாமா என்று முடிவு செய்யும்போது, இந்த மதிப்பெண் பத்தைத் தாண்டுகிறதா என்றும் பார்க்கிறார்கள். எண் இருந்தால்தான் பணப்பெட்டி திறக்கும் என்பது நாமறிந்ததே.

இப்போது இந்தப் பத்துக் கேள்விகளோடு நம் பகுதிக்கு வருவோம். இருபது ஆண்டுகளாக மதுரா காலோடு இருக்கும் ஒருவரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது எந்தத் தனிமனிதரின் கதையும் அல்ல, கற்பனைதான். வீட்டின் பின்புறம் ஒரு சாய்ப்பில் அவருக்குக் கட்டில். மனைவி பிறந்த ஊருக்குப் போய் நெடுநாளாயிற்று.

அரிப்போ எரிச்சலோ வலியோ உண்டா என்பது முதல் கேள்வி. கொஞ்சம், என்கிறார். ஒன்று. அடுத்தது, கூச்சம் உண்டா? மிக அதிகம். மூன்று. கடைக்குப் போவது, வீட்டையோ தோட்டத்தையோ பார்ப்பது பாதிக்கிறதா? கடைக்குப் போயே வருடக்கணக்காகிறது, பொருந்தாது. உடை உடுத்துவது? கால் மறையக் கைலிதான், கொஞ்சம். ஒன்று. நாலு பேரோடு பழகுவது? யாரோடு பழக, பொருந்தாது. விளையாட்டு? சிரிக்கிறார், பொருந்தாது. வேலைக்குப் போவது தடைப்பட்டதா? வேலையை விட்டுப் பத்து வருடமாயிற்றே, பொருந்தாது. மனைவி, நண்பர், உறவினரோடு சிக்கலா? யாரும் வருவதில்லை, பொருந்தாது. தாம்பத்தியம்? கேட்பவரே தலைகுனிந்து ‘பொருந்தாது’ என்று எழுதிக்கொள்கிறார். கடைசியாக, சிகிச்சையால் வீட்டில் தொந்தரவா? சிகிச்சையே இல்லை, பொருந்தாது.

இவ்வினாத்தாளில் ‘பொருந்தாது’ என்பதற்கு மதிப்பெண் பூஜ்யம். கூட்டிப் பாருங்கள், ஐந்து வருகிறது. இரண்டு முதல் ஐந்து வரை பெற்றவருக்கு அட்டவணை தரும் விளக்கம், ‘வாழ்வில் சிறிய பாதிப்பு’. அதே வாரம் நகரத்தில் ஒரு கல்லூரி மாணவி, முகத்தில் வந்த பருவால் தோழியின் திருமணத்துக்குப் போகாமல் அழுதிருந்தால் அவருக்குப் பன்னிரண்டோ பதினைந்தோ வரலாம். அவருடைய துயரத்தை நான் சிறுமைப்படுத்தவில்லை, அதுவும் துயரமே. ஆனால் அவர் இன்னும் வாழ்வுக்குள் இருப்பதால்தான் நோய் அதை எங்கெங்கே தடுக்கிறது என்று சொல்ல முடிகிறது. எல்லாவற்றையும் ஏற்கெனவே விட்டுக்கொடுத்துவிட்டவரிடம் நோய் தடுப்பதற்கு ஒன்றுமில்லை. இழப்பு முழுமையடைந்த இடத்தில் அளவுகோல் பூஜ்யம் காட்டுகிறது.

இக்குறையை ஆய்வாளர்கள் அறியாமல் இல்லை. ‘பொருந்தாது’ என்ற பதில்களைக் கழித்துவிட்டு மீதியை வைத்துக் கணக்கிடும் திருத்தம் ஒன்றை 2018-இல் முன்வைத்தார்கள். அது கணக்கை ஓரளவு நேராக்கும். ஆனால் கேட்கும் சூழலை எந்தத் திருத்தமும் மாற்றாது. மாமியார் வாசலில் உட்கார்ந்திருக்கும்போது மருமகளிடம் இந்தக் கேள்விகளைக் கேட்டால் என்ன பதில் வரும்? பெண்களின் மதிப்பெண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சந்தேகம் உண்டு.

யோவான் நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் பெத்சதா குளத்தருகே, 38 ஆண்டுகளாக உடல்நலமற்ற ஒருவர் படுத்திருக்கிறார். இயேசு அவரைப் பார்த்ததும் குணமாக்கிவிடவில்லை. நலமடைய விருப்பமா என்று முதலில் அவரிடமே கேட்கிறார். அம்மனிதர் சொல்லும் பதிலைக் கவனியுங்கள் (யோவா 5:6-7). கால் வலிக்கிறது என்றோ, நடக்க முடியவில்லை என்றோ அவர் சொல்லவில்லை. தன்னைக் குளத்தில் இறக்கிவிட ஆள் இல்லை என்கிறார். உடல்நிலை பற்றிய கேள்விக்கு உறவுநிலை பற்றிய பதில் அது. கார்டிஃப் வினாத்தாளில் அதை எழுத இடமில்லை.

அதற்கு இடம் தரும் வேறொரு வினாத்தாள் உண்டு. தொழுநோய் மற்றும் ஊனத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்காக நேபாளத்திலும் இந்தியாவிலும் பிரேசிலிலும் சோதிக்கப்பட்டு, 2006-இல் வெளியான ‘பங்கேற்பு அளவுகோல்’. விம் வான் பிராக்கெல் என்ற டச்சு மருத்துவரும் அவர் குழுவினரும் உருவாக்கியது. அதன் 18 கேள்விகளும் ஒரே மாதிரி அமைந்தவை. உங்களைப் போன்ற மற்றவர்களைப் போல நீங்களும் வேலை தேட முடிகிறதா, வீட்டுச் செலவுக்குக் கொடுக்க முடிகிறதா, அடுத்த ஊருக்குப் போக முடிகிறதா, வீட்டில் உங்கள் பேச்சு எடுபடுகிறதா என்று கேட்கும். ‘இல்லை’ என்றால், அது உங்களுக்கு எவ்வளவு பெரிய பிரச்சினை என்று அடுத்துக் கேட்கும். ‘பிரச்சினையே இல்லை’ என்று சொன்னாலும், கலந்துகொள்ளவில்லை என்பதற்கே ஒரு மதிப்பெண் உண்டு. பழகிப்போன இழப்பையும் இழப்பாகவே எழுதிக்கொள்கிறது. இதிலும் ஓட்டை உண்டு. ‘உங்களைப் போன்றவர்’ என்ற அந்தப் பக்கத்து வீட்டுக்காரரும் கூலி இல்லாமல் இருந்தால் இருவரும் சமம் என்றாகிவிடும். ஊரே வறண்டு கிடக்கும் ஆண்டில் நோயின் பாரம் குறைந்ததாகத் தோன்றும்.

இந்த அளவுகோலின் கேள்விகளில் ஒன்று நம்மை நேராகப் பார்க்கிறது. திருமணம், இறப்பு, சமயத் திருவிழா ஆகியவற்றில் மற்றவர்களைப் போல் நீங்களும் கலந்துகொள்கிறீர்களா என்று அது கேட்கிறது. அதாவது, உங்கள் பங்கின் சப்பர பவனியில், அசனத்தில், அடக்கத் திருப்பலியில் உங்களுக்கு இடம் இருக்கிறதா?

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் கோவிலில் ஒரு பெரியவர் ஞாயிறுதோறும் வேப்பமரத்தடியில் நின்றே திருப்பலி காண்பார். தொழுநோய் வந்து குணமானவர். நற்கருணைக்குக் கடைசி ஆளாக வருவார், வாங்கியதும் திரும்பிவிடுவார். ஊர் அவரை வெளியே நிறுத்திவிட்டது என்றுதான் பல ஆண்டுகள் நினைத்துக்கொண்டிருந்தேன். பெரியவனான பின் ஒருநாள் கேட்டேவிட்டேன். “உள்ள வரலாம்லா தம்பி, யார் தடுக்கா? செருப்பக் கழத்தணும்லா” என்றார்.

எனக்கு உடனே விளங்கவில்லை. அவர் பாதத்தில் உணர்ச்சி கிடையாது. கல் குத்தினாலும் சுட்டாலும் தெரியாது. புண் வந்தால் ஆறாது. வெறுங்காலோடு ஓரடியும் வைக்கக் கூடாது என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். உணர்ச்சியற்ற பாதத்துக்கென்று மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பரில் செய்து கொடுப்பார்களே, அந்தச் செருப்பு. டாக்டர் பால் பிராண்ட் காலத்திலிருந்து வேலூரிலும் கரிகிரியிலும் பாடுபட்டு உருவாக்கி, ஆயிரக்கணக்கான கால்களைக் காப்பாற்றிய செருப்பு அது. ஆனால் பார்த்தவுடன் இன்ன நோய்க்காரர் செருப்பு என்று ஊருக்கே தெரியும். கோவில் வாசலில் எல்லார் செருப்போடும் அதைக் கழற்றி வைத்தால் மற்றவர்கள் தங்கள் செருப்பைத் தள்ளி வைப்பார்கள். போட்டுக்கொண்டே உள்ளே வந்தால் ஆலயத்தை அவமதித்ததாகப் பேசுவார்கள். ஆகவே வேப்பமரம். அவரை யாரும் விலக்கவில்லை என்பது உண்மை. விலக்காமலேயே ஒரு மனிதர் நாற்பது ஆண்டுகள் வெளியே நின்றார் என்பதும் உண்மை. அவருடைய அடக்கத் திருப்பலி அன்றுதான் அவர் முதன்முறையாக நடுக்கோவில் வரை வந்தார்.

அவர் எந்தக் கணக்கிலும் இருந்திருக்க மாட்டார். கூட்டு மருந்துச் சிகிச்சை ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ முடிந்ததும் நோயாளர் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்படும். மருந்து சாப்பிடுகிறவர்களை மட்டுமே எண்ணித்தான், பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை 2005 டிசம்பரில் இந்தியா அடைந்தது. அது உண்மையான சாதனை, அதற்காக உழைத்த சுகாதாரப் பணியாளர்களுக்கும் அருட்சகோதரிகளுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் ‘ஒழிந்துவிட்டது’ என்ற பேச்சு பரவியதும் கவனம் தளர்ந்தது. 2023-இல் உலகில் புதிதாகக் கண்டறியப்பட்ட 1,82,815 தொழுநோயாளரில் 1,07,851 பேர் இந்தியர். மருந்து முடித்துவிட்டு, மடங்கிய விரலோடும் உணர்ச்சியற்ற பாதத்தோடும் வாழ்பவர்கள் இந்த எண்ணில் இல்லை. சட்டம் மெல்ல நகர்ந்திருக்கிறது. 1898-ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் 2016-இல் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்ற பிரிவு 2019-இல்தான் திருமணச் சட்டங்களிலிருந்து அகற்றப்பட்டது. சுதந்திரம் பெற்று 72 ஆண்டுகள் கழித்து.

திருச்சபை இவர்களுக்குச் செய்த பணிக்குச் சான்று தேட வேண்டியதில்லை. கும்பகோணத்தை அடுத்த சாக்கோட்டையும், மொலோக்காய் தீவில் தானும் நோயுற்று இறந்து 2009-இல் புனிதராக உயர்த்தப்பட்ட தமியானும் நாமறிந்தவை. ஆனால் காயத்துக்குக் கட்டுப்போட்ட அதே கையால் நாம் வேறொன்றும் செய்திருக்கிறோம், அதையும் சொல்லியாக வேண்டும். 1580-களில் கோவா பேராயரின் செயலராக இருந்த லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரர், இங்கே யானைக்கால் நோய் கண்டவர்களைப் பற்றிக் கேட்டறிந்ததை எழுதிவைத்தார். புனித தோமாவைக் கொன்றவர்களின் வழிவந்தோருக்கு இறைவன் விட்ட சாபமே அந்தக் கால் என்று அன்று கிறிஸ்தவர்களிடையே பேச்சு இருந்திருக்கிறது. ஐரோப்பியர் அதைப் ‘புனித தோமாவின் கால்’ என்றே அழைத்தார்கள். கொசு கடித்து வந்த நோய் அது. 1877-இல் பேட்ரிக் மேன்சன் கொசுவின் பங்கைக் கண்டறியும் வரை கிட்டத்தட்ட முந்நூறு ஆண்டுகள், வீங்கிய காலோடு நடந்த ஏழைகள் ஒரு திருத்தூதரின் கொலைப்பழியையும் சேர்த்துச் சுமந்தார்கள்.

பழைய கதை என்று ஒதுக்க முடியவில்லை. ‘பாவம் என்னும் தொழுநோய்’ என்ற தொடர் நம் மறையுரைகளில் எத்தனை முறை வருகிறது? ஏழைகளின் தோழராக வாழ்ந்து 2025-இல் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸே 2013-இல் ஒரு நேர்காணலில் இச்சொல்லை உருவகமாகப் பயன்படுத்தியதாக வெளிவந்தபோது, உலக சுகாதார நிறுவனத்தின் தொழுநோய் ஒழிப்பு நல்லெண்ணத் தூதரான யோகெய் சசகாவா வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதினார். 2016 ஜூனில் வத்திக்கானிலேயே தொழுநோயாளரின் மாண்பு பற்றிய கருத்தரங்கு கூடியது. பாகுபடுத்தும் சொற்களை விட்டுவிட வேண்டுமென்று அது கேட்டுக்கொண்டது. நம் பீடங்களுக்கு அச்செய்தி இன்னும் வந்து சேரவில்லை போலும்.

லேவியர் நூலின் 13, 14 அதிகாரங்களை நாம் தொழுநோய்ச் சட்டம் என்று படிக்கிறோம். ஆனால் அங்கே அதே சொல் துணியில் படியும் கறைக்கும் வீட்டுச் சுவரில் படரும் பூஞ்சைக்கும் வருகிறது (லேவி 13:47, 14:34). இன்று நாம் தொழுநோய் என்று அறியும் நோயை மட்டும் அது குறிக்கவில்லை. என்னைக் கவர்ந்தது வேறொன்று. பதின்மூன்றாம் அதிகாரம் விலக்குவதைப் பற்றி, பதினான்காம் அதிகாரம் திரும்பச் சேர்ப்பதைப் பற்றி. குணமானவரைத் தேடிக் குருவே பாளையத்துக்கு வெளியே போக வேண்டும். எட்டாம் நாள் அவர் ஆண்டவரின் திருமுன் நிற்க வேண்டும். தோல் சரியானதோடு சட்டம் முடிந்துவிடவில்லை. இயேசுவும் தாம் குணமாக்கியவரைக் குருவிடம் அனுப்பியது இதற்காகத்தான் (மாற் 1:44). அம்மனிதரைத் தொட்ட இயேசு அதன்பின் ஊருக்குள் வெளிப்படையாக நுழைய முடியாமல் ஊருக்கு வெளியே தங்கினார் என்று அதே பகுதி முடிகிறது. இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள்.

நம் அன்பியங்களில் வீடு வீடாகப் போய்க் குடும்ப விவரம் எடுக்கிறோம். திருமுழுக்கு, உறுதிபூசுதல், திருமணம், வயது, தொழில் எல்லாம் அதில் உண்டு. பின்கட்டில் படுத்திருப்பவரை ‘வயதானவர், கோவிலுக்கு வருவதில்லை’ என்று எழுதிவிட்டு வருகிறோம். நாம் எழுதும் ‘பொருந்தாது’ அது. ஆய்வாளர் ஒரு வாரத்தைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போய்விடுவார். அவர் எந்த ஆண்டிலிருந்து வரவில்லை, கடைசியாக எந்தத் திருவிழாவில் சப்பரத்தின் பின்னால் நடந்தார் என்பது அன்பியத்தில் இருக்கும் அக்காமாருக்குத் தெரியும். எந்தப் பல்கலைக்கழகத்திடமும் இல்லாத தகவல் அது. நோயின் பெயரை யாரும் கேட்க வேண்டாம். அந்த ஆண்டைக் கேட்டு, அதற்குமுன் என்னவெல்லாம் செய்துகொண்டிருந்தார் என்று கேட்டால் போதும்.

செருப்பைப் பற்றியும் பங்குப் பேரவைகள் ஒருமுறை பேசலாம். மருத்துவக் காரணத்துக்காகச் செருப்பணிந்து யாரும் உள்ளே வரலாம் என்று ஞாயிறு அறிவிப்பில் ஒரு வரி சொல்ல எவ்வளவு நேரமாகும்? நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்கள் இன்று ஒவ்வொரு பங்கிலும் இருக்கிறார்கள். அவர்களும் அந்த அறிவிப்புக்காகக் காத்திருக்கலாம். உப்பளத்தில் கால் வெடித்து வருகிறவர்களும் உண்டு. அவர்களுடைய புண்ணுக்கு உலகப் பட்டியலில் இடமில்லை, கோவிலில் உண்டு.

மற்றபடி, தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியவை சிலவே. தோலில் வெளிறிய அல்லது சிவந்த படை இருந்து, அங்கே தொட்டால் உணர்ச்சி இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். தொழுநோய்க்கான மருந்து அங்கே இலவசம், தொடக்கத்திலேயே சாப்பிட்டால் விரல் மடங்காது. முள் தைத்த காலில் வலியில்லாத கட்டி மாதக்கணக்கில் இருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டி, முள் தைத்த விவரத்தையும் மறக்காமல் சொல்லுங்கள். பாக்டீரியாவால் வந்ததா பூஞ்சையால் வந்ததா என்று பார்த்துத்தான் மருந்து கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. பாக்டீரியாவால் வந்தது பெரும்பாலும் மருந்திலேயே குணமாகும், பூஞ்சை என்றால் ஓராண்டுக்கு மேலும் மருந்து சாப்பிட நேரிடலாம், அறுவையும் தேவைப்படலாம். கட்டியில் துளை விழுந்து மணிகள் வரத் தொடங்கியிருந்தால் அந்த மணிகளைத் துடைத்து எறிந்துவிடாமல் சுத்தமான ஈரத் துணியில் எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.